படமரத்தில் இடிக்கும் வயிறு

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"தறியில உக்காந்தா, நெஞ்ச துணிய சுத்துற படமரத்துல வயிறு இடிக்குதுக்கா. அரை வயித்துக்குத்தான் துன்றேன்."

"மொகமும் ஊதிகினு இருக்குதே. மாத்திரை எதுனா துன்றியா?"

"தறி மிதிய மிதிச்சு மிதிச்சு முட்டி வலிக்குதுக்கா. மெடிக்கல்ல கேட்டு ரெண்டு வருசமா துன்னேன்."

"அது ஸ்டீராய்டா இருக்கும்டி. என் தம்பி பொண்டாட்டிக்கும் இதே கதைதான். கிட்னி மேல இருக்கிற சுரப்பி சுரக்குற ஹார்மோன மாத்திரையே குடுத்துடுதாம். ஒடம்பு ஊதிப்போவுது, சுரப்பி தூங்கிடுது. டாக்டரக் கேட்டு, கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும். சட்டுனு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து."

இளையவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

"வயிறு எளைக்கட்டும்னு நாலு நாளா நிறுத்திட்டேன்க்கா. காலையிலேர்ந்து தலை சுத்துது, வாந்தி வர்றமாரி கீது."

மூத்தவள் எழுந்துவிட்டாள்.

"கண்டக்டர், ஆஸ்பத்திரியாண்ட நிறுத்துங்க. ஜல்தி!"