மச்சான் சாய்ந்த நாற்காலி

நாற்காலி வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், இன்ஸ்பெக்டர் சார். என்னைப் போல மதிப்புப் போடுகிறவன் அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பான். புது மரம் அங்கேதான் பல்லிளிக்கும்.

எங்கள் பழம்பொருள் கடையில் சாமானின் வயதைச் சொல்வது நான். கதையைச் சொல்வது என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. கடைத்தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தும் குமிழ்தான் கிடையாது. ஓட்டைக் கூஜாவைக் கொடுத்தால்கூட அதற்கு இரண்டு கல்யாணமும் ஒரு கள்ளக்காதலும் கட்டிவிடுவான். வாயைப் பிளந்து கேட்டவர்கள் கடைசியில் என் பக்கம் திரும்புவார்கள். உண்மையானால் தலையாட்டுவேன். இல்லாவிட்டால் துணியை எடுத்து எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவேன். என் தலையாட்டலை நம்பித்தான் கடையே நடந்தது.

ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். தங்கமான மனிதர். என்ன, யாராவது உயிரை விட்ட சாமானாக இருந்தால்தான் வாங்குவார். போன மாதம் ஒரு சாய்வு நாற்காலியின் முன்னால் வந்து நின்றார். ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டான். இதன் சொந்தக்காரர் இதிலேயே சாய்ந்தபடி, சிரித்த முகமாகப் போய்ச் சேர்ந்தாராம். டாக்டர் என்னைப் பார்த்தார். அதை எங்களுக்கு விற்ற மனிதரோ குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். மூட்டுவலியில் அதிலிருந்து எழுந்திருக்க முடியாமல்தான் விற்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவர் போனதும் மச்சான் பிடித்துக்கொண்டான்.

"சும்மா ஒரு தடவை தலையை ஆட்டினா கழுத்து சுளுக்கிக்குமா மாமா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்டா."

"அப்ப உண்மையாக்கிட்டு ஆட்டுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னான். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. அந்த நாற்காலியைத் தன் கைக்காசு போட்டு வாங்கியவன் அவன். சொந்தக்காரன் அவன்தானே? வேறு யாரையாவது அதில் உட்கார வைத்திருந்தால் அது மோசடி.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கணக்குப் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டேன். வந்ததும், களைப்பாக இருக்கிறாய், சாய்ந்துகொள் என்றேன். சாய்ந்துகொண்டான். டீயில் என்ன கலந்தேன் என்பதைப் பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். சர்க்கரையைத் தூக்கலாகவே போட்டேன். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். என் மனைவி கதறியபோது எனக்கும் தாங்கவில்லை, கூடவே அழுதேன். அவன் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

துக்கம் விசாரிக்க வந்த பல் டாக்டர் நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, கதை நிஜம்தானா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நிமிர்ந்து நின்று தலையாட்டினேன்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொல்லி விற்றேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசியில் அவனுக்கு விஷயம் புரிந்துபோய், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது வாஸ்தவம்தான். அதற்கப்புறம் அந்த உதட்டை இரண்டு விரலால் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். அந்த அளவு மெருகு எங்கள் தொழிலில் எல்லோரும் போடுவதுதான்.