நெஞ்சளவுத் தண்ணியில எடுத்த வீடியோ

ஹலோ... ஹலோ, நாச்சியா ராத்தாவா? ... ராத்தா, இது றஸ்மி. சாய்ந்தமருது றஸ்மி... ஓம், அந்த ‘செஞ்சி பாப்பம்’ வீடியோ போடுற றஸ்மிதான்... ஓம் ஓம், நானேதான். போன் திருத்துற கட வெச்சிரிக்கிற, ஓம்.

... ஓம் ராத்தா, நீங்க ராவு அனுப்பின வொயிஸ் கேட்டன். போட்டோவும் பாத்தன்... இல்ல, அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க... ஐயோ, எனக்காக அல்லாஹ்கிட்டத் துஆக் கேக்க வேணாம்... அதில்ல, துஆ வேணும்தான், ஆனா இதுக்கு வேணாம். நான் சொல்ல வந்தது...

எத்தின? ... பதினொண்டா? போட்டோவுல நாலுதானே ராத்தா இரிந்திச்சி... பக்கத்து ஊட்டு ஆக்களுக்கும் தச்சிக் குடுத்தீங்களா... ஓம், மருதமுன நெசவுத் துணி உரம்தான்... ஓம், கிழியாது. ஓம்.

ராத்தா, ஒரு நிமிசம் கேளுங்க. அந்தப் போத்தல் சட்ட... ஓம், வெறும் பிளாஸ்டிக் போத்தல் எட்டு வெச்சித் தச்சி, கடலுக்குப் போற ஆக்கள் லைஃப் ஜக்கெட்டுக்குப் பதிலாப் போடலாம் எண்டு நான் காட்டினன்ல, அதுதான். அதுல ஒரு பிழ இரிக்கி... சின்னதுதான். தையல்ல. தோள்பட்டத் தையல்லதான் பிழ...

... ரெட்டத் தையலா போட்ட நீங்க? ... அதுக்கு மேல கையாலயும் தச்சிரிக்கீங்க... ஓம். அப்ப தையல் சரிதான்...

... ஓம், சரிதான் எண்டுதான் சொன்னன்... இல்ல ராத்தா, சந்தோசப்படாதீங்க. கேளுங்க. தையல்ல பிழ ஒண்டுமில்ல. நான் பொய் சொன்னன். இப்ப சொன்னதும் பொய்.

... ஓம், லைன்லதான் நிக்கன்... சொல்றன். அந்த வீடியோவுல, கிட்டங்கி ஆத்துத் தண்ணிக்குள்ள தல மட்டும் தெரிய நான் மிதந்தன்ல... ஓம், ரெண்டு மணித்தியாலம் எண்டு சொன்னன். ராத்தா, நான் மிதக்கல்ல. எண்ட கால் தரையில இரிந்திச்சி. நெஞ்சளவு தண்ணி. முழங்கால மடக்கிக் குந்திக்கொண்டு நிண்டன்.

... ராத்தா?

... எவ்வளவு நேரம் நிண்டன் எண்டா கேக்கீங்க?

... பத்து நிமிசம். பத்தும் வராது. கையில கட்டியிரிந்த மணிக்கூட்ட ரெண்டு மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பி வெச்சி, மறுகா ஒருக்கா எடுத்த.

... எல்லாத்தையும் சொல்றன், ஒளிக்க மாட்டன். முதல்ல ஒண்டு சொல்லுங்க, கபூர் காக்கா எங்க? ஒங்கட ஊட்டுக்காரர்? ... கடக்கரையிலயா? எத்தின மணிக்குப் போட்டத் தள்ளுற? ... இப்பயா! அவர்ர போனுக்கு எடுங்க... ஊட்ட வெச்சித்துப் போனவரா... ஓம், தண்ணி பட்டிரும். அப்ப ஓடுங்க ராத்தா. இந்தப் போன வெக்காதீங்க, கையில வெச்சிக்கொண்டே ஓடுங்க.

... ஓம், கேக்குது. மூச்சு வாங்கினாக் கதைக்காதீங்க. நான் கதைக்கன், நீங்க ஓடுங்க.

ஒங்கட வொயிஸக் கேட்டத்தோட எனக்கு இரிக்கேலாமப் போயித்து. ‘அவருக்கு வயசு போயித்து தம்பி, முந்தி மாதிரி நீந்தேலாது, இனி நான் பயமில்லாம இரிப்பன்’ எண்டு சொல்லியிரிந்தீங்க. அத நாலு தரம் கேட்டன். ஆர்ர குரல் எண்டு பொஞ்சாதி கேட்டா. சொல்லல்ல. விடிஞ்சோடன எண்ட கூட்டாளி முஸ்தாக்குட தோணியில ஏறி ஆழத்துக்குப் போனன். இடுப்புல கயிறக் கட்டித்து, அந்தச் சட்டையப் போட்டுக் குதிச்சன். ... ஓம், இண்டைக்குக் காலையிலதான். வீடியோ போட்டு மூண்டு கிழமைக்குப் புறகு, முதல் தரமா. ஒங்களுக்கு எடுக்க இவ்வளவு நேரமும் துணிவு வரல்ல.

மிதக்கிது ராத்தா. ஆனா பிழையா மிதக்கிது. சட்ட மேல ஏறிக் கழுத்தடிக்கு வருது. முதுகுப் பக்கத்துப் போத்தல் நாலும் கிளம்பி ஆளக் குப்புறப் போடுது. மூஞ்சி தண்ணிக்குள்ள. நான் கைய அடிச்சிப் புரளப் பாக்கன், அது திரும்பவும் குப்புறத்தான் போடுது. கழட்டவும் ஏலாது, முன்னுக்குக் கட்டின நாடா நனைஞ்சி இறுகித்து. முஸ்தாக் கயித்த இழுக்காட்டி... ராத்தா? ஓடுறீங்களா?

... கூப்பிடுங்க. சத்தமாக் கூப்பிடுங்க! ... கையக் காட்டுங்க!

... நிப்பாட்டித்தாங்களா? ... அல்ஹம்துலில்லாஹ். ... ஓம், அவருக்கிட்டக் குடுங்க. நானே சொல்றன்.

காக்கா, நான் றஸ்மி. அந்த வீடியோக்காரன்... இல்ல காக்கா, ராத்தாவ ஏசாதீங்க, அவ ஓடி வந்தது என்னாலதான். அந்தச் சட்டையள ஒருத்தரும் போடாதீங்க. ... ஓம், நான்தான் போடச் சொன்ன. ... பொய் காக்கா. நிண்டுக்கொண்டு எடுத்த வீடியோ அது. ... ஓம், கால் தரையில முட்டிக்கொண்டுதான். ... ஓம், கிட்டங்கியில, ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

... ஓம்.

... ஓம் காக்கா.

... ஏசுங்க, ஏசத்தான் வேணும். ஒண்டு மட்டும் கேக்கன். ஒங்ககிட்ட நல்ல ஜக்கெட் ஒண்டும் இல்லையா? ஒரேஞ் கலர்ல, கடையில வாங்கினது? ... ரெண்டு இரிந்திச்சா. இப்ப எங்க? ... வெட்டினதா? ... வலைக்கு மிதப்புக் கட்டவா... எப்ப? ... ராத்தா இதுகளத் தச்சித் தந்தாப் புறகு. யா அல்லாஹ்.

காக்கா, பதினொண்டும் கரையிலதானே இரிக்கி? வேற ஆரும் போட்டுக்கொண்டு போகல்லயே? ... அக்ரம் ஆரு? ... ராத்தாட தம்பியா... எத்தின பேர் போன? ... மூண்டு பேர். ஆளுக்கொண்டு எடுத்துப் போனாங்களா? ... விடியச் சுபஹோட போனவங்க இன்னும் வரல்லயா? எத்தின மணிக்கு வாறவங்க? ... மத்தியானம் லுஹருக்கே வரணும். இப்ப அஸரும் முடிஞ்சி பின்னேரமாகித்து காக்கா. ... போன் எடுத்துப் பாத்தீங்களா? ... ஓம், அங்க சிக்னல் இரிக்காது.

... ஓம், கடல் அமத்தலாத்தான் இரிக்கி. எண்ட கடைக்குப் பின்னாலயும் கடல்தான், பாத்துக்கொண்டு நிக்கன். காத்தில்ல. ... இல்ல, நான் ஆறுதல் சொல்லல்ல காக்கா. எனக்கு அதுக்கு வாயில்ல. ... ஒங்கட போட்ட எடுத்துத்துப் போய்ப் பாக்கப் போறீங்களா? போங்க. ஆனா அந்தச் சட்டையப் போடாமப் போங்க.

... என்ன? ... ஆர்ர போட்? ... நீலமா? நல்லாப் பாருங்க, எத்தின தல தெரியிது? ... கிட்ட வரட்டும். ஓம், நிக்கன்.

... மூண்டா? திரும்பவும் எண்ணுங்க காக்கா.

... மூண்டு.

... இல்ல, அழல்ல. தடிமன், மூக்கடைப்பு... இல்ல காக்கா, அழுறன்.

... ஆரு அங்க சிரிக்கிற? ... எஞ்சின் பழுதாகித்தான் சுணங்கினதா... சரி. சட்ட? ... தலைக்கு வெச்சிப் படுத்தவரா அக்ரம்? ... மற்ற ரெண்டையும் கீழ விரிச்சி மேல குந்திக்கொண்டு வந்தாங்க. ஒருத்தரும் போடல்ல. நல்லம். நல்லம் காக்கா... இல்ல, எனக்குச் சிரிக்கேலாது. அவங்க போடாததால நான் செஞ்சது சரியாகிடாதே.

... ஆ, ராத்தாவா... ஓம் ராத்தா. ... என்னத்துக்குச் செஞ்சன் எண்டு கேக்கீங்க. நல்ல காரணம் ஒண்டு இரிந்தாச் சொல்லுவன். இல்ல. தண்ணி குளிர்ந்திச்சி. நுளம்பு கடிச்சிச்சி. எனக்கு நல்லா நீந்தத் தெரியாது, ஆழத்துக்குப் போகப் பயம். வெளிச்சம் போறத்துக்குள்ள முடிக்கோணும் எண்ட அவசரம். அவ்வளவுதான். முந்திப் போட்டதுகளும் அப்பிடித்தான். மண்சட்டியில குளிர்பெட்டி, உப்புத்தண்ணியில எரியிற லைட். சரி வந்தாச் சரி, வராட்டி வந்த மாதிரி எடுப்பன். அதுகளால ஒருத்தரும் மௌத்தாகப் போறல்ல. இதையும் அப்பிடித்தான் நினைச்சன்... ஓம். நினைக்கவே இல்ல. நீங்க சொல்றதுதான் சரி.

... ராத்தா, அழாதீங்க. ஒங்கட கையில பிழையில்ல. நீங்க எண்ட பொய்ய நம்பித் தச்ச நீங்க.

... வீடியோவ இப்பவே அழிக்கன். மற்றப் போன் கையிலதான்... ஏன் வேணாம்? ... ஓம். ... ஓம், பாத்துத்துத் தச்ச ஆக்களுக்கு அழிச்சா எப்பிடித் தெரியும்? நாப்பதாயிரம் பேர் பாத்திரிக்காங்க. தம்பிலுவில்ல இரிந்து ஒராள் எழுதியிரிந்தாரு, ‘செஞ்சி வெச்சிரிக்கன் தம்பி, அடுத்த கிழம கடலுக்குக் கொண்டு போறன்’ எண்டு. அவர்ர பேரும் தெரியாது, ஊட்டையும் தெரியாது.

... எடுக்கன். உண்மையச் சொல்லி இன்னொண்டு எடுக்கன் ராத்தா. ... காலையில குதிச்சதையா? முஸ்தாக் எடுத்தவன். நான் குப்புறக் கிடந்து கைகால அடிக்கிற எல்லாம் அதுல இரிந்திச்சி... இல்ல. இப்ப இல்ல. தோணியிலயே அழிச்சித்தன். வெக்கத்துல.

... ஓம் ராத்தா. அதையும் அழிச்சித்தன்.

... திரும்பவும் குதிக்கவா? ... அங்கயா? ஒங்கட கரையில, எல்லாரும் பாக்கவா? ... ஒங்களுக்குக் கோவம் எண்டு தெரியும், ஆனா... இல்ல. ஆனா கீனா ஒண்டுமில்ல. காக்காட்டக் குடுங்க.

காக்கா, ஓம், வாறன். மோட்டச்சைக்கிள்ள வந்தாப் பதினைஞ்சி நிமிசம். நல்ல தடிச்ச கயிறாப் பாத்து எடுத்து வைங்க. நீந்துற ஆக்கள் ரெண்டு பேர் எனக்குப் பக்கத்துல தண்ணிக்குள்ள நிக்கணும். ராத்தா தச்சதுல ஒண்டத்தான் போடுவன்... ஓம், குதிக்கன். அக்ரம் வீடியோ எடுக்கட்டும். இடையில நிப்பாட்ட வேணாம் எண்டு சொல்லுங்க. நான் கையக் காட்டினா என்ன இழுத்து எடுங்க, வீடியோவ நிப்பாட்ட வேணாம்.

... கடையில ஒராள் நிக்காரு, போன் திருத்த வந்தவரு. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் நிக்காரு. ... ஓம், வெக்கம்தான். இரிக்கட்டும்.

... எத்தின பேர் கூடியிரிக்காங்க? ... அவ்வளவு பேரா. அவங்களுக்கு விசயம் தெரியுமா? ... ஏதோ சட்டையில பழுது எண்டு நினைக்காங்களா... இல்ல காக்கா, நீங்க ஒண்டும் சொல்ல வேணாம். அப்பிடியே இரிக்கட்டும். வந்து, அவங்களுக்கு முன்னால நிண்டு, நானே சொல்றன்.

... ஓம். வைக்கன்.