தாவீது ராஜாவுக்குக் குளிர்

பிள்ளைகளா, இன்று கோரிமேடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் அவர் மகனும் பேசிக்கொண்டு வந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் வீட்டுக்காரரைப் பார்க்கப் போகிறார்கள். அந்த அம்மா அவருக்கு இரண்டாந்தாரம்.

“வீடு உனக்குத்தான்னு ஆண்டவர் மேல சத்தியம் பண்ணாருடா. மூத்த தாரத்துப் புள்ள இப்பவே பூட்டை மாத்திட்டான். இன்னிக்கி எல்லார் முன்னாடியும் அவரைச் சொல்லச் சொல்லப் போறேன்.”

“அவரால மூச்சு வுடவே முடியல. இப்பவா கேப்ப?”

“தாவீது ராஜா சாகக் கிடந்தப்ப, கொடுத்த வாக்கைச் சொல்லி அவரு பொஞ்சாதி பத்சேபா போய்க் கேக்கல? அதனாலதான அவ புள்ள சாலமோன் ராஜாவானாரு!”

“சாலமோன் ஞானிம்மா. நான் பத்தாவதே பாஸ் பண்ணல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

“எத்தனை துணி போத்தியும் தாவீதுக்குக் குளிர் அடங்கலன்னு வேதத்துல அதே இடத்துல இருக்கும்மா. வந்தவங்க எல்லாம் அடுத்த ராஜா யாருன்னுதான் கேட்டாங்க. ‘குளுருதா?’ன்னு ஒருத்தரும் கேக்கல.”

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் தலை நிமிரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தனியாக ஓரமாய் நின்று உங்கள் தாத்தாவுக்குப் போன் போட்டேன். “எப்படிப்பா இருக்க?” என்றேன்.

“எதனா வேணுமாடா?” என்றார்.