வள்ளி பேருக்கு வந்த பரிசு

முள்ளிப்பட்டு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நெசவுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேச்சில் வந்த வள்ளி அங்கே இல்லை.

"எம் பெரிய பொண்ணு வள்ளி தறியில குந்திகினு இருக்கறா, பள்ளிக்கூடத்துல அவ பேருக்குப் பரிசு குடுக்கறாங்க" என்றாள் மடியில் பட்டுநூல் மூட்டை வைத்திருந்தவள்.

நான் புத்தகத்தை மூடினேன்.

"அதெப்டிக்கா?"

"இன்ஸ்பெக்டர் வர்றாரு, புள்ளைங்கள அனுப்புன்னாரு வாத்தியார். தறியில பொடவக் கரைக்கு ஊடு நூல் நாடாவத் தள்ள வள்ளிய விட்டா ஆளில்ல. இன்னும் பள்ளிக்கூடத்துல சேக்காத சின்னவள அனுப்பி, அக்கா பேரக் கூப்ட்டா கை தூக்குன்னேன். அது பாட்டும் பாடி, பென்சில் டப்பா வாங்கிகினு வந்துட்ச்சி."

"பொண்ணு குள்ளமாயிட்டாளேன்னு வாத்தியார் கேக்கலியா?"

"அவருக்குத் தலை இருந்தா போதும். வள்ளிதான் டப்பாவப் புடுங்கிகினா. எம் பேருக்குத்தானே குடுத்தாங்க, இனிமே நானே போறேன்னு தறிய விட்டு எழுந்துட்டா."

"அவங்கப்பா சும்மாவா வுட்டாரு?"

"கைய ஓங்கினாரு. பரிசு வாங்கின பொண்ணு எங்கன்னு வாத்தியார் வந்து கேட்டா நீ இன்னா சொல்லுவேன்னு வள்ளி கேட்டா. எறக்கிட்டாரு."

முள்ளிப்பட்டு வந்தது. மூட்டையோடு எழுந்தவளிடம் மற்றவள் கேட்டாள்:

"அப்போ நாடாவுக்கு?"

"கூலிக்கு ஆள் வெச்சிகினோம். வள்ளி பள்ளிக்கூடம் போற ஒவ்வொரு நாளைக்கும் அந்த ஆளுக்கு ரெண்டு ரூபா."