யாமிலாவின் கழுத்தில் நான் கட்டிய நாடா

மன்றத்தின் தலைமை இருக்கையை அணிசெய்யும் பெருமாட்டி எல்விரா அவர்களே! ஆரஞ்சுப் பழக் கொட்டகைகளில் காலைமுதல் கையோயாது உழைத்துவிட்டு, களைப்பையும் கூடவே அழைத்துவந்திருக்கும் தாய்மார்களே! மாத்தே இலைத் தேநீர்க் குவளையும் வெந்நீர்க் குடுவையுமாக முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் முதியோர்களே! சால்ட்டோ நகரத்துச் சான்றோர்களே! தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

அறிவுரை வழங்க நான் வரவில்லை. ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். செய்தவன் வேறு யாருமில்லை, இந்த அனிபால் வாத்தியார்தான்.

சென்ற ஆண்டு என் முதல் வகுப்பில் யாமிலா என்றொரு சிறுமி சேர்ந்தாள். வெள்ளை அங்கி, கழுத்தில் நீல நாடா. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அதுதானே அணி, அதுதானே அழகு? அவளுக்கோ அது அனல்! கட்டிய நொடியில் பிய்த்தெறிவாள். மணி அடித்தால் மேசைக்கடியில் ஒடுங்குவாள். பிடிவாதம் என்று நினைத்தேன். நாள்தோறும் நானே நாடாவை இறுக்கிக் கட்டினேன். அவள் அழ அழக் கட்டினேன்.

அவள் தாய் கிரிசெல்டாவை வரவழைத்தேன். பழம் பொறுக்கும் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். புலன்களில் சிக்கல் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். மற்றவருக்கு வெறும் துணியாகப் படுவது தன் மகளைத் தீயாய்ச் சுடுகிறது என்றாள். விதி விதிதான் என்றேன். அப்போது கேட்டாள்:

“வாத்தியாரே, உங்க சட்டைக்குள்ள ஒரு கூடை எறும்பக் கொட்டிட்டு, இப்ப கணக்குப் போடுங்கன்னா போடுவீங்களா?”

சிரிக்கிறீர்கள். பின்வரிசையில் பலமாகவே சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன் ஐயா. அந்தச் சிரிப்புக்குத்தான் இன்று வெட்கப்படுகிறேன்.

ஜூன் பத்தொன்பது வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் கொடிக்கு உறுதிமொழி சொல்லும் திருநாள். முரசு முழங்கியது; ஒலிபெருக்கி வீறிட்டது. காதுகளைப் பொத்திக்கொண்டு யாமிலா வாசலைத் தாண்டிச் சாலைக்குள் ஓடினாள். பழ லாரி ஒன்று கிறீச்சிட்டு, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

நான் போய்ச் சேருமுன், விழாவுக்கு வந்திருந்த தாய் சேர்ந்துவிட்டாள். அதட்டவில்லை, ஆறுதல் பேசவுமில்லை. தரையில் உட்கார்ந்து மகளை மார்போடு இறுக அணைத்தாள், அணைத்தபடியே இருந்தாள். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது. அப்போதுதான் பார்த்தேன், அந்தச் சின்னஞ்சிறு கழுத்தைச் சுற்றிச் சிவந்த தடிப்பை. நான் கட்டிய நாடாவின் தடம்!

“என்ன செய்யணும்னு எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே வாத்தியாரே” என்றாள்.

மறுநாளே கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய அங்கியை, காலரை வெட்டிவிட்டு மகளுக்கு அணிவித்து அனுப்பினாள். நாடாவைச் சட்டைப் பையில் ஊசியால் குத்தினோம். கனம் தூக்கினால் மகளின் உடல் பதற்றம் தணியும் என்றாள். காலையில் புத்தகக் கட்டுகளைச் சுமக்கும் பொறுப்பை யாமிலாவிடம் கொடுத்தேன். மணி அடிக்குமுன் கையசைத்துச் சொல்லிவிடுவேன். கதவோரம் அவளுக்கென்று ஓர் அமைதி மூலை.

ஒரு தந்தை கேட்டார், “ஒரு புள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தையே தலைகீழா மாத்தணுமா?” மாற்றினோம் பெரியவரே! குடியா முழுகிப்போயிற்று? அதுவரை வாய்திறவாத இன்னும் இரு பிள்ளைகள், தாமாகவே அந்த மூலையைத் தேடி வந்து உட்கார்ந்தார்கள்!

ஆகஸ்டில் ஒரு காலை. முரசில்லை, முழக்கமில்லை. முப்பது பிள்ளைகள் மூச்சடக்கி நிற்க, யாமிலா கொடிமுன் நின்றாள். கொடிக்கு உறுதி சொல்கிறாயா என்னும் கேள்வியைத் தாழ்ந்த குரலில் படித்தேன். “ஆமா, உறுதி சொல்றேன்” என்று முணுமுணுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னொரு தடவ கேளுங்க வாத்தியாரே. நல்லா சொல்றேன்.”

கேட்டேன். முற்றம் முழுவதும் கேட்கச் சொன்னாள்!

அன்பர்களே! இந்த நகரின் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அமைதி அறை வேண்டும். விதியை நீட்டுமுன் தாயிடம் கேட்கும் ஆசிரியர் வேண்டும். இடமில்லை என்பார்களா? என் அறையைத் தருகிறேன். நேரமில்லை என்பார்களா? நாளையும் வருவோம், நாளை மறுநாளும் வருவோம். இதோ, மனு. முதல் கையெழுத்து கிரிசெல்டாவுடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது யாருடையது?

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. பேனாவை எடுக்கப்போகும் கைகளுக்கு என் வணக்கம்!