கேப்டனுக்குத் தெரியுமா, தெரியாதா?

விழாவுக்குத் தலைமை தாங்கி, "சுருக்கமாக முடியுங்கள்" என்று ஒவ்வொருவர் காதிலும் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருக்கும் எங்கள் ரசிகர் மன்றத் தலைவர், பெருமதிப்புக்குரிய சுவாமிதாஸ் அவர்களே! இரண்டு அணிகளாகப் பிரிந்து இடியாய் இடித்து, மழையாய்ப் பொழிந்து, இப்போது சாயா குடித்து ஓய்ந்திருக்கும் வழக்காடு வல்லுநர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் பொறுமையையும் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கையில் சிமென்ட் காயுமுன் கட்டிட வேலையிலிருந்து ஓடிவந்த தம்பிமார்களே! கிழக்கேகோட்டை ஓட்டல்களில் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே! மலையாளத்தில் யோசித்துத் தமிழில் கைதட்டும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் ஆரியசாலை நெல்லையப்பனின் வணக்கம்.

நான் பாத்திரக்கடை வைத்திருப்பவன். என்னை எதற்காக நடுவராக உட்கார வைத்தார்கள்? அறிவாளி என்பதாலா? என் வீட்டில் கேட்டால் தெரியும். படத்தை அதிகம் பார்த்தவன் என்பதாலா? என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். இரண்டு அணியிலும் என் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எனக்கு வியாபாரம் கெடும், ஆகவே இவன் நியாயமாகத்தான் பேசியாக வேண்டும் என்று சுவாமிதாஸ் அண்ணாச்சி கணக்குப் போட்டிருக்கிறார். சிரிக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகப் படத்தின் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "வியாழனில் ஒரு விளக்கு." கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழ் விஞ்ஞானப் படம். கேப்டன் இளம்பரிதி தன்னந்தனியாக வியாழன் கிரகத்துக்குப் போகிறார். கப்பலை ஓட்டுவது துணைவன் என்ற இயந்திரம். அதற்கு முகம் கிடையாது, ஒரு விளக்கும் ஒரு குரலும்தான். கேப்டன் வியாழனைத் தொட்டு, ஒரு கல்லை எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பும் நேரத்தில், பூமியில் அவருடைய அம்மா இறந்துபோகிறார். சேதி துணைவனுக்கு வருகிறது. துணைவன் என்ன சொல்கிறது? "கேப்டன், உங்கள் அம்மாவுக்கு உடல்நிலை மோசம். ஊருக்குத் திரும்பிவிடலாமா?" கேப்டன் கையிலிருக்கும் கல்லைக் கீழே வைக்கிறார். பிறகு, "திருப்பு" என்கிறார். மாதக்கணக்கான அந்தத் திரும்பும் பயணம்தான் மீதிப் படம். கப்பல் இறங்குகிறது, கதவு திறக்கிறது, திரையில் வெளிச்சம் நிறைகிறது, படம் முடிந்துவிடுகிறது.

அவ்வளவுதான் கதை. அந்த ஒற்றை வசனத்துக்குத்தான் இத்தனை வருஷமாக நாம் அடித்துக்கொள்கிறோம். அந்த வசனம் வந்தவுடன் அரங்கில் என்ன நடக்கும்? ஆண்டுக்கு ஆண்டு பார்க்கிறோமே! முந்தானையை எடுக்காத தாய்மார் உண்டா? மூக்கை உறிஞ்சாத ஆண்பிள்ளை உண்டா? வேறு நாட்டுக்காரன் பார்த்தால் கேட்பான், "உடம்பு சரியில்லை என்றுதானே சொன்னது, எதற்கு அழுகிறீர்கள்?" என்று. அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நம் வீடுகளில் யாரும் தொலைபேசியில் இறப்பதில்லை. தொலைபேசியில் எல்லோருக்கும் "சீரியஸ்"தான். "அப்பாவுக்கு சீரியஸ், உடனே புறப்பட்டு வா." இந்த வாக்கியத்தைக் கேட்காத காது இந்த அரங்கில் உண்டா? இந்த வாக்கியத்தைச் சொல்லாத வாய் உண்டா? வழியில் மனம் உடைந்துவிடக் கூடாது, தனியாகப் பஸ்ஸில் வருகிறவர் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று நம் மக்கள் அன்பினால் கண்டுபிடித்த பொய் அது. ஆகவே இன்றைய தலைப்பு: கேப்டன் இளம்பரிதிக்கு அந்தக் கணத்திலேயே தெரியுமா, தெரியாதா?

தெரியும் என்ற அணிக்கு வேலாயுதன் தலைவர். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், படத்தைக் காட்சி காட்சியாக மனப்பாடமாக வைத்திருப்பவர். "திருப்பு என்று சொன்ன பிறகு கேப்டன் சவரம் செய்துகொள்ளவே இல்லை, தாடி வளர்கிறது. துக்கம் காக்கிறார், ஆகவே தெரியும்" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. எழுந்தார் தெரியாது அணியின் கோமதியம்மாள். அக்கிரகாரத்துத் தமிழில் அமைதியாகக் கேட்டார்: "தாடியைப் பத்திப் பேசறேளே, அதே கப்பல்ல சுவத்திலே மின்விசிறியோட நிழல் சுத்தறதே, அது எந்தக் கிரகத்து விசிறி? அந்த நடிகர் அப்போ வேறே ஒரு சாமியார் படத்துக்காகத் தாடி வளர்த்துண்டிருந்திருப்பார். நீங்க அதுக்குப் போய்த் துக்கம் காக்கறேளே." வேலாயுதன் அந்த நிழல் காற்றோட்டக் கருவியின் நிழல் என்று நிரூபிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நிரூபித்தாரா? பின்னால் யாரோ "இல்லா" என்கிறார்கள். நானும் அதைத்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

இதுவரை வழக்கமான சண்டை. அதன்பின் பேச வந்தவர்கள் இருவர். தெரியும் அணியில் ஜெயன், சாலைக் கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கிறவர். தெரியாது அணியில் ரெம்யா, பொன்முடித் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸ். இருவரும் அண்ணன் தங்கை. நம் மன்றத்தில் ஆண்டு தவறாமல் முதல் டிக்கெட் வாங்கிய சொரிமுத்துவின் பிள்ளைகள். சொரிமுத்து போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அம்மா பொன்னம்மையைப் பார்க்க ரெம்யா மலையிலிருந்து இறங்கி வருவார், அண்ணன் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து வருவார். இன்றைக்கு எந்த அணி வேண்டும் என்று மன்றம் கேட்டபோது, ஒருவர் முதலில் "தெரியும்" அணி என்றார், மற்றவர் அதைக் கேட்டபின் "தெரியாது" அணி என்றார்.

ஜெயன் என்ன சொன்னார்? நினைவிருக்கிறதா? "கேப்டன் தமிழன். சீரியஸ்னா என்னன்னு அவனுக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம். துணைவன் பொய் சொல்லல்லே. நம்ம பாஷையிலே நேரா சொல்லியாச்சு, அவனுக்கும் மனசிலாயாச்சு. மனசிலாகாத ஆள் யாரும் கிடையாது." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மேடையைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிரணியைப் பார்த்துச் சொன்னார்.

ரெம்யா எழுந்தார். முதலில் படத்தைப் பற்றித்தான் பேசினார். "திரும்பி வரும்போது கேப்டன் அந்தக் கல்லைத் துடைச்சு, துணியிலே சுத்தி, 'அம்மாவுக்கு'ன்னு எழுதி வைக்காரே. தெரிஞ்சவன் அப்படி எழுதுவானா?" அதற்கும் நீங்கள் கைதட்டினீர்கள். கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தவர், வழக்கை விட்டுவிட்டார். "எனக்கும் போன் வந்துது. அப்பாவுக்கு சீரியஸ், கிடைக்கிற பஸ்ஸுல வான்னு அண்ணன் சொன்னான். நான் நர்ஸாக்கும். சீரியஸ்னா எனக்கு சீரியஸ்தான். ஒவ்வொரு வளைவிலும் என்ன மருந்து கொடுப்பாங்கன்னு யோசிச்சுட்டே வந்தேன். கிழக்கேகோட்டையிலே இறங்கி அப்பாவுக்குச் சாத்துக்குடி வாங்கினேன். புளிக்கும், மாத்தித் தாங்கன்னு கடைக்காரன்கிட்ட வழக்கு போட்டு நல்லதாப் பொறுக்கினேன். பையோட நம்ம தெருவிலே நடந்து வந்தேன். எல்லாரும் பையைப் பார்த்தாங்க. யாருமே ஒண்ணும் சொல்லல்லே." அத்தோடு ரெம்யா உட்கார்ந்துவிட்டார். மணி அடிக்க வேண்டிய சுவாமிதாஸ் அண்ணாச்சி மணியைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த அரங்கில் அப்போது கைதட்டல் இல்லை. அந்த ஒரு நாகரிகத்துக்காக உங்களைக் கும்பிடுகிறேன்.

பிறகு சாயா இடைவேளை விட்டோம். அங்கே நடந்ததை அவர்கள் இருவரும் சம்மதித்ததால் சொல்கிறேன். சம்மதம் இல்லாமல் சொல்ல நான் யார்? சாயாப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். ஜெயன் தங்கையின் அருகில் வந்தார். "உனக்குத் தெரியும்னுதான் இத்தனை நாள் நினைச்சேன். தெரிஞ்சுட்டே நீ எம்மேல கோவமா இருக்கேன்னு நினைச்சேன்" என்றார். ரெம்யா சாயா டம்ளரைக் கீழே வைத்தார். ஜெயன் பிறகு சொன்னார்: "போயாச்சுன்னு அப்பதான் டாக்டர் சொல்லிட்டுப் போனார். அந்த வார்த்தையை நான் அதுவரைக்கும் வாயாலே சொல்லல்லே. உன்கிட்டே சொன்னா அது உள்ளதாயிரும்னு பேடியா, பயமா இருந்துது."

அப்போது ரெம்யா ஒன்று கேட்டார். அதைக் கேட்கத்தான் அவர் இந்த மேடைக்கே வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது. அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் விமானம். அம்மா பொன்னம்மைக்குச் சிறுநீரகக் கோளாறு, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "அம்மாவுக்கு ஒண்ணுன்னா எனக்கு நீதானே போன் பண்ணுவே? அப்ப என்ன சொல்லுவே? இதைத் தெரியாம நான் விமானம் ஏற மாட்டேன். வேலை போனாப் போகட்டும்."

பொன்னம்மையும் அங்கேதான் நின்றார். "ரெண்டு பேரும் நான் போயாச்சுன்னே பேசுதியளே, நான் இங்கதான் நிக்கேன் மக்களே, சாயா ஆறுது" என்றார். சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் கேள்வி அங்கேயே நின்றது. ஜெயன் தங்கைக்கு என்ன பதில் சொன்னார் தெரியுமா? அசல் ரசிகன் சொல்கிற பதில். "நடுவர் என்ன தீர்ப்பு சொல்லுகாரோ, அதுபடி செய்வேன்." தெரியும் என்று தீர்ப்பு வந்தால் பழைய வழக்கப்படி "சீரியஸ்". தெரியாது என்று வந்தால் உள்ளதை உள்ளபடி. ரெம்யாவும் ஒத்துக்கொண்டார். பாருங்கள் என் நிலைமையை! ஒரு பழைய படத்துக்குத் தீர்ப்பு சொல்ல வந்தவன் தலையில் ஒரு குடும்பத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

ஆகவே தீர்ப்பைச் சொல்கிறேன். அமைதி. பின்வரிசை, தயவுசெய்து.

வேலாயுதன் அணி சொன்னது சிறிய விஷயமல்ல. கேப்டன் இளம்பரிதி கல் அல்ல, கட்டை அல்ல. அந்த வசனம் காதில் விழுந்ததும் அவர் நெஞ்சில் ஒன்று இடித்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சில் இடித்ததற்குப் பெயர் என்ன? அதைத் தெரிந்தது என்று சொல்லலாமா? சொல்லாத ஒன்றை ஒருவன் தானாக ஊகித்துக்கொண்டால் அதற்குப் பெயர் அறிவா? இல்லை ஐயா, இல்லை. அதற்குப் பெயர் பயம். தெரிந்தவன் அழலாம், பயந்தவன் அழக் கூடாது. தெரிந்தவனைப் பக்கத்துச் சீட்டுக்காரன் தோளில் சாய்த்துக்கொள்வான். பயந்தவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். தெரிந்தவனுக்குத் துக்கம் உண்டு, துக்கத்துக்குத் துணை உண்டு. பயந்தவனுக்கு யார் உண்டு? மாதக்கணக்காக அந்தக் கப்பலில் கேப்டனுக்கு யார் இருந்தார்கள்? பேசத் தெரிந்த ஒரே துணை இருந்தது, அதுவும் பேச வேண்டியதைப் பேசவில்லை.

நாம் யார்? நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்கள். வந்தவர்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் இன்று மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போகிறார்கள். நம் வாழ்க்கை முழுவதும் ஒரு போன் தூரத்தில் இருக்கிறது. அந்தப் போனில் நமக்கு நாமே என்ன கொடுத்து வந்திருக்கிறோம்? சேதி என்ற பெயரில் பயத்தைக் கொடுத்தோம். அன்பு என்ற பெயரில் தனிமையைக் கொடுத்தோம். தாங்க மாட்டாள் என்றோம். யார் தாங்க மாட்டாள்? மலைத்தோட்டத்தில் இறந்துபோன எத்தனையோ பேரின் கண்ணைத் தன் கையால் மூடிவிட்ட பெண்ணா தாங்க மாட்டாள்? தாங்க முடியாமல் இருந்தது சொல்கிறவனுக்கு. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கும் அந்த இடத்தில் வாய் வராது. ஆனால் வாய் வராதது அவனுக்கு என்றால், வழியெல்லாம் சுமக்க வேண்டியது அவளா?

ஆகவே, கேப்டன் இளம்பரிதிக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அதனால் தெரியாது. இதுவே இந்த மன்றத்தின் தீர்ப்பு.

வேலாயுதன் அண்ணாச்சி எழுந்து நிற்கிறார். எதிர்ப்பா? இல்லை, கைதட்டுகிறார். தாடி விஷயத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சைகை காட்டுகிறார். ஆகட்டும்.

ஜெயன், மேடைக்கு வாருங்கள். ஒலிபெருக்கி வேண்டாமா? சரி, நான் சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்கட்டும். ஜெயன் சொல்கிறார்: "உள்ளதைச் சொல்லுவேன். ஆனா எனக்கு ஒழுங்காச் சொல்ல வராது. அழுதிருவேன்."

ரெம்யா இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது. "அழுதுட்டே சொல்லு அண்ணா. நானும் அங்க அழுவேன் அல்லே. சேர்ந்து அழலாம்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் அண்ணா அது. இனி நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். தலைவருக்கும், இரு அணியினருக்கும், சாயா ஊற்றிக் கொடுத்த கைகளுக்கும், இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. வீட்டுக்குப் போனதும் தூரத்தில் இருக்கிற உங்கள் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சாதாரண விஷயம் ஏதாவது பேசுங்கள். வருகிறேன், வணக்கம்.