திரையில் அடங்காத ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கொஞ்சம் நீளமான பெயர், சித்தப்பா. வத்திராயிருப்பும் நீளம்தான், ஆனால் நீங்கள் அங்கே போலீஸ் ஏட்டாக இருப்பதால் உங்களுக்கு எழுதி எழுதிப் பழகியிருக்கும். அழாமல் நடந்ததை வரிசையாக எழுதிக் கொடு என்று சொல்லி என்னை இந்த மண்டபத்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அழவில்லை. பக்கத்தில் வெங்காய மூட்டை இருக்கிறது.

வெளியே காமராஜ் மாமா வேனை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். தாய்மாமன் இறங்காமல் ஜெயசித்ரா அக்கா மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறாள். வேண்டுமென்றே தன்னை அவமானப்படுத்தியது அப்பாதான் என்று மாமா நினைக்கிறார். அப்பா செய்யவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பகலில் நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறேன். மாலையில் எட்வின் சாரிடம் வெப் டிசைன் வகுப்பு. அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சடிக்க வேண்டாம், விஜி ஒரு வெப்சைட் செய்யட்டும், லிங்க் அனுப்பினால் போதும் என்று முதலில் சொன்னது நீங்கள்தான். இதைக் குறையாக எழுதவில்லை. வரிசையில் வருவதால் எழுதுகிறேன்.

எட்வின் சார் வகுப்பில் அடிக்கடி ஒன்று சொல்வார். ஊரில் ஆளுக்கு ஒரு ஃபோன், ஒவ்வொன்றும் ஒரு அகலம். எதில் திறந்தாலும் பக்கம் மேலும் கீழும் போகலாம், பக்கவாட்டில் ஒரு நூல்கூட நகரக் கூடாது. நகர்ந்தால் செய்தவருக்கு ஒழுங்கு இல்லை என்று அர்த்தம். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறேனா என்ற சந்தேகம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். ஆகவே அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது.

பக்கத்தின் உச்சியில் அக்கா பெயர், மாப்பிள்ளை பெயர். அதன் கீழே பெரிய எழுத்தில் லட்சுமி மகால், அடுத்த வரியில் ஸ்ரீவில்லிபுத்தூர். வீட்டில் இருந்த எல்லா ஃபோனிலும் திறந்து பார்த்தேன், நன்றாக இருந்தது. வகுப்பில் கௌதம்ராஜ் என்று ஒருவன் இருக்கிறான். யார் பக்கத்தைக் காட்டினாலும் கட்டைவிரலால் இடமும் வலமும் தள்ளிப் பார்ப்பான். அவன் கம்ப்யூட்டரில் திரையை இருப்பதிலேயே ஒடுக்கமான ஃபோன் அளவுக்குக் குறுக்கினான். ஊர்ப் பெயரின் கடைசி ‘ர்’ வெளியே போய்விட்டது. மொத்தப் பக்கமும் அதன் பின்னால் ஆடியது.

“ஏட்டி விஜி, உங்க மண்டபம் ரோட்டுல நிக்கி பாரு” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எட்வின் சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவ்வளவு ஒடுக்கமான ஃபோன் நம் சொந்தத்தில் ஒருவரிடம்தான் இருக்கிறது. காமராஜ் மாமா ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போகும்போது சட்டைப் பையில் முழுசாக இறங்க வேண்டும் என்று தேடி வாங்கியது. அவர் வீட்டில் இருப்பதும் அது ஒன்றுதான். நாம் மாமா வீட்டுக்குத் தாம்பூலம் வைக்கப் போனபோது மண்டபம் முடிவாகவில்லை. ஆகவே கல்யாணம் எங்கே என்பதை அவர் என் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மாலை போட்டுக் கைபிடித்துக் கூட்டி வராமல் அக்கா மேடை ஏற மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். எதையும் மறைக்க விரும்பவில்லை.

எழுத்தைச் சின்னதாக்கினால் அடங்கும். ஆனால் மாமா கண்ணாடி போட மாட்டார். இரண்டு வரியாக உடைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். கல்யாணப் பத்திரிகையில் ஊரை உடைப்பியா என்று திட்டினார். ‘ஸ்ரீவி’ என்று போடட்டுமா என்றேன். இது என்ன பஸ் போர்டா என்றார். ஸ்ரீயை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் வேலைக்குப் போகும்போது பஸ் போர்டில் ராஜபாளையம் என்று பார்த்தேன். கண்ணாலேயே அளந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அடங்கியது. இரண்டு பக்கமும் சமமாக இடைவெளிகூட இருந்தது.

பக்கத்து ஊர்தான் சித்தப்பா. திரை இந்த அகலத்துக்குக் கீழே போனால் இதைக் காட்டு, மேலே போனால் அதைக் காட்டு என்று எழுத எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெரிய திரைக்கு மூன்று படம், சின்னத் திரைக்கு ஒரு படம் என்று எல்லோரும் செய்வதுதான். நான் பெரிய திரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் சின்னத் திரைக்கு ராஜபாளையம் என்றும் செய்தேன். மற்றதெல்லாம் உண்மையாகவே இருந்தது. கீழே போட்டிருந்த வரைபடம் சின்னத் திரையைக் கொஞ்சம் இழுத்தது, அதை எடுத்துவிட்டேன். ராஜபாளையத்திலும் ஒரு லட்சுமி மகால் இருப்பது எனக்குத் தெரியும். அது ஆறுதலாக இருந்தது. இல்லாத மண்டபத்துக்கு ஒருவரை அனுப்புவது தப்பு.

கௌதம்ராஜ் மறுபடியும் தள்ளிப் பார்த்தான். ஆடவில்லை. அன்றைக்கு டைரியில் ‘இன்று பக்கம் ஆடவில்லை’ என்று மட்டும் எழுதினேன். மாமாவிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று நடந்ததை மாமா உங்களிடம் சொல்லியிருப்பார். அந்த மகாலிலும் இன்று கல்யாணம். சீர்த்தட்டுகளோடு மாமாவும் ஈஸ்வரி அத்தையும் இறங்கியதும் சந்தனம் கொடுத்து, பொங்கலும் வடையும் வைத்துக் கவனித்திருக்கிறார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். மாமா நேரே மணப்பெண் அறைக்குப் போய், மேக்கப் போட்டுத் தலை குனிந்திருந்த பெண்ணின் கழுத்தில் மாலையைப் போட்டு, கண் கலங்கி, உச்சியில் கை வைத்து ஆசீர்வாதமும் செய்துவிட்டார். அந்தப் பெண் நிமிர்ந்து, “எவரு மீரு?” என்று கேட்டது. அக்காவுக்குத் தெலுங்கு வராது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததாம்.

மணப்பெண் கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றக் கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மாமா இங்கே வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடியப் போகிற நேரம், கையில் மாலை இல்லை. மாலைக்குப் பேர்போன இந்த ஊரில் அந்த நேரத்துக்கு நமக்குக் கிடைத்தது, வாசல் ஃபிளெக்ஸில் உங்கள் படத்துக்கு நீங்களே போட்டிருந்த மாலைதான். அதைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அதைப் போட்டு அக்காவை மேடை ஏற்றிய கையோடு மாமா திரும்பிப் போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கல்யாணம் உங்களால்தான் நடந்தது. இதையும் எழுத வேண்டும்.

காலையில் மாமா உன்னை ஃபோனில் கூப்பிட்டாரா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். கூப்பிட்டார். அக்காவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

“விஜி, கெளம்பிட்டோம். மண்டபம் எங்கட்டி?”

“பேஜ்ல இருக்கே மாமா, தொறந்து பாருங்க.”

“செத்த இரு. லட்சுமி மகால், ராஜபாளையம். வில்லிபுத்தூர்னு யாரோ சொன்ன ஞாபகம்?”

“எழுத்து வெட்டுப்படாம தெரியுதா மாமா?”

“நல்லா பெருசா தெரியுது.”

“பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. ஆடுதா?”

“ஆடலயே. சிக்குனு நிக்கி.”

“சரி மாமா, வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். மறக்கவில்லை. உண்மையான ஊரைச் சொன்னால், அப்போ பேஜ் தப்பா என்று மாமா கேட்டிருப்பார். பேஜ் தப்பில்லை.

இதை மாமாவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள், அப்பா மேல் உள்ள கோபம் போகட்டும். இனி எந்த எழுத்தையும் அகலத்துக்காக மாற்ற மாட்டேன். நான் திருந்திவிட்டேன்.

கடைசியில் பெயரும் இடமும் எழுதச் சொன்னீர்கள். நீங்கள் கொடுத்த தாள் ஒடுக்கம், ஓரத்தில் கொஞ்சம்தான் மிச்சம். எழுதிப் பார்த்தேன், ‘ர்’ வெளியே போகிறது.

விஜி
இடம்: ராஜபாளையம்